பெயரை முதலில் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைக்கு டெலிபோன் வந்தது. “உம்மா மௌத்தாயிட்டாங்க. பகல் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்,” என்றார் கதீஜா அக்காவின் மகன். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. ‘இன்றைக்குச் செவ்வாயாயிற்றே, அண்ணி எப்படி வெளியே போவார்?’ என்றுதான் தோன்றியது. வெட்கக்கேடு. ஆனால் அக்காவை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்கள் வீடுகளிலும் அவர் வருகிற கிழமை என்று ஒன்று இருந்தது, உங்களுக்குப் புரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் சாரம் சரிந்து என் அண்ணனுக்குத் தலையில் அடி. பிழைத்து வந்தவர் வேறு ஆளாக வந்தார். பேச்சு தடுமாறும், நினைவு நிற்காது, திடீரென்று தட்டை வீசுவார். பார்க்க வந்தவர்களெல்லாம் குனிந்து, “என்னை யாருன்னு தெரியுதா?” என்றார்கள். நான் தினமும் கேட்டேன். பழுது பார்த்தால் மீட்டர் வைத்துப் பார்ப்பவன் நான். பதில் வராத நாளில் எரிந்து விழுந்தேன்.

ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர் கதீஜா அக்கா. தேக்கா மார்க்கெட்டில் அண்ணி அழுவதைப் பார்த்துக் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போதும் நான் அண்ணனிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, பரீட்சையா? அவரு தோத்துப்போறதப் பாக்க ஊரே டிக்கெட் வாங்கிட்டு வருதா?”

“கேக்காம எப்படித் தெரியும், தேறிட்டாரா இல்லையான்னு?”

“உனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது லா? மொதல்ல உன் பேரைச் சொல்லிட்டு உள்ள வா.” அண்ணனிடம் திரும்பினார். “ராஜு தம்பி, நான் கதீஜா. கொஞ்ச நேரம் உங்களோட உக்காரப்போறேன்.”

பிறகு அண்ணியிடம், “மூணு மணி நேரம் எங்கயாச்சும் போ புள்ள. மருந்து வாங்க மட்டும் போகாத,” என்றார். சைனாடவுன் கோயிலுக்குப் போன அண்ணி ஒரு மணி நேரத்தில் பதறி ஓடி வந்தார். “இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு, எறங்கு கீழ!” என்று படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் அக்கா.

அன்று தொடங்கி எல்லாச் செவ்வாயும் வந்தார். அண்ணன் தேறவில்லை, தேறுவார் என்று அக்கா ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அண்ணி தேறினார்.

போன வெள்ளிக்கிழமை அக்காவுக்கே மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. ஞாயிறன்று பார்க்கப் போனேன். கட்டிலருகே குனிந்தவன், “அக்கா, என்னை யாருன்னு தெரியுதா?” என்று கேட்டுவிட்டேன். நானேதான் கேட்டேன். அவர் உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. கண்ணோரம் நனைந்தது. அப்போதாவது என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே திரும்பி வந்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனேன். அண்ணி சேலை மாற்றி நின்றிருந்தார். அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணனைத் தனியே விட முடியாது. அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் செல்வம் வந்திருக்கேன்.”

“கதீஜா?” என்றார். அடிபட்ட பிறகு அவர் தானாக ஒரு பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

“இனிமே வரமாட்டாங்கண்ணே. நான் உக்கார்றேன்.”

அண்ணி படியிறங்கினார். செவ்வாய் மதியம் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று மணி நேரமும், உள்ளே நுழையும்போது என் பெயரை நானே சொல்வதும். ஒரே ஒருவரிடம்தான் சொல்லாமல் விட்டேன்.