சரளைப் பாதையில் நாலு படி அரிசி

எனக்கு லாரி என்றால் பயம். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அப்போது நிறைய இருந்தது. யுத்த காலத்தில் சயான் சாலையில் ராணுவ லாரிகள் வரிசை வரிசையாகப் போகும். ஒரு நாள் அதில் ஒன்று என் சைக்கிளின் ஹாண்டில் பாரை உரசிக்கொண்டு போய்விட்டது. எனக்கும் கீறல் இல்லை, சைக்கிளுக்கும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பின்னால் ஹாரன் கேட்டாலே இறங்கி ஓரமாக நின்றுவிடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆபீசில் கேலி செய்தார்கள். இருட்டில் அல்ல, பட்டப்பகலில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற பேய் அது என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

சைக்கிளை விற்றுவிடலாம் என்று இருந்தபோதுதான் அந்தப் பாதை கிடைத்தது. வடாலாவுக்குப் பின்னால் உப்பளங்களுக்கு நடுவே, உப்பு ஏற்றும் கைவண்டிகளுக்காகச் சரளைக்கல் கொட்டிக் கெட்டித்த வரப்பு. ஒரு பக்கம் பாத்திகள், மறுபக்கம் கடலிலிருந்து உள்ளே வரும் கழி. அப்படியே போனால் சூனாபட்டிக்குப் பின்புறம் ஏறி, அங்கிருந்து சேம்பூர். லாரி இல்லை, டாங்கா இல்லை, மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. டயருக்கு அடியில் கல் நெரிகிற சத்தமும் காற்றும்தான். கழி ஓரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை நான் கடந்து போகும்வரை அசையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனபோது, பாதி தூரத்தில் எனக்கே தெரியாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தேன். பல மாதமாக நெஞ்சில் இருந்த இறுக்கம் விட்டுப்போயிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் சேம்பூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். பாசம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை.

அந்த வருஷம் மாசி அமாவாசை. அப்பாவின் சிராத்தம். ரேஷனில் அரிசி கைப்பிடி அளவுதான், மீதிக்குக் கோதுமையும் கம்பும். கம்பில் களி கிண்டலாம், பிண்டம் பிடிக்க முடியாது. அதனால் அம்மா வாராவாரம் கொஞ்சம் பச்சரிசியாக ஒரு டின்னில் ஒதுக்கிச் சேர்த்துவைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் டின்னைத் திறந்தால் குப்பென்று மண்ணெண்ணெய் வாசனை. என் சைக்கிள் விளக்கை நான்தான் அந்த டின்னுக்கு மேல் தட்டில் வைத்திருந்தேன். விளக்கு ஒழுகியிருக்கிறது.

அம்மா முகர்ந்து பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பாவுக்குக் காரியம் தவறிப்போவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருந்த மாதுங்காவில் யாரிடமும் கேட்கவும் முடியாது, எல்லார் வீட்டிலும் அதே கதை. அக்காவிடம் மட்டும், அவள் புக்ககத்தார் பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்த பச்சரிசி இருந்தது. ஆனால் ரயிலிலும் சாலையிலும் பையைத் திறந்து பார்ப்பார்கள், அரிசி இருந்தால் போச்சு. சோதனைக்குப் பயந்து உப்பளம் வழியாகவே போய் வருகிறேன் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி லாரி.

"வாத்தியார் பன்னெண்டரைக்கு வரார். நாளைக்கு அவருக்கு மூணு ஆத்துல சிராத்தம், காத்திண்டிருக்க மாட்டார்" என்றாள் அம்மா. "பதினொண்ணுக்குள்ள வந்துடு, கேட்டயோ."

காலையில் பாதை உலர்ந்து கிடந்தது. கழியில் தண்ணீரே இல்லை, வெறும் சேறு. பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாத விரதம், ஆனாலும் நன்றாகத்தான் மிதித்தேன். அக்கா வீட்டில்தான் தாமதம். திதிக்குப் போகிற அரிசியில் கல் இருக்கக் கூடாது என்று நாலு படியையும் முறத்தில் போட்டுப் பொறுக்கிவிட்டுத்தான் கொடுத்தாள். பையின் வாயைச் சணல் கயிற்றால் நானே கட்டி, காரியரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும்போது கழி நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டு வேறு வந்தேன். வடாலாப் பக்கம் நெருங்கியபோது பாதையையே காணோம். வரப்பு தாழ்ந்திருந்த இடத்தில் மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். கடல் தண்ணீர் இரைந்துகொண்டு பாத்திகளுக்குள் பாய்ந்தது. அகலம் ஒரு பதினைந்து அடி இருக்கும். மடைப் பலகையின் மேல் தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் ஹிந்தி வரும், அதுவும் ஓட்டை ஹிந்தி. மடையை மூடு, வழியை மறிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று கத்தினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"தமிழ்லயே ஏசுங்க சாமி. எனக்கு அதான் நல்லா வெளங்கும்" என்றார்.

திருநெல்வேலிக்காரர். தாராவியில் குடியிருந்தார். "அமாவாச அன்னைக்கு உச்சி நேரத்துல இந்த வழியா யாராச்சும் வருவாவளா? அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும்தான் கடல் இம்புட்டு ஏறும். இப்பம் மடைய அடச்சா பதினஞ்சு நாளைக்கு அளத்துல தண்ணி கெடயாது."

நகம் வெட்டக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. அமாவாசை தவறாமல் தர்ப்பணம் செய்பவன் நான். அன்றைக்குக் கடல் என்ன செய்யும் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. காரியரில் என்ன என்று கேட்டார். அப்பாவின் திதி என்பதையும், டின்னையும், வாத்தியாரையும் எல்லாம் கொட்டிவிட்டேன். அழுகை வரும்போல் இருந்தது.

அவர் இறங்கி வந்து என் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அரிசியை நானே எடுத்துக்கொண்டேன். அந்நியர் கை பட்ட அரிசி மடிக்கு ஆகாது என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். நடுவில் கால் வழுக்கியது.

தலையிலிருந்து பை போவது தெரிந்தது. என் முடிச்சு அவிழ்ந்து ஒரு பிடி அரிசி தண்ணீரில் கொட்டியதும் தெரிந்தது. அடுத்த கணம் அவர் சைக்கிளைத் தண்ணீரில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பையைப் பிடித்திருந்தார். கரையேறியதும் பையின் வாயைத் திருகி, உப்பு மூட்டைக்குப் போடுகிற மாதிரி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

"அரிசிக்கு ஒண்ணும் ஆவல. சைக்கிள் எங்க போயிரப் போவுது? தண்ணி வடிஞ்சா தானா தெரியும். நீங்க ஓடுங்க."

ஓடினேன். வடாலாவில் சாலையைக் கடந்தபோது லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நடுவில் புகுந்து போனேன். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அம்மா ஈரப்புடவையோடு வாசலில் நின்றாள். பையைத் தடவிப் பார்த்தாள்.

"நனஞ்சுதோ?"

"இல்லை."

அவள் வேறு கேட்கவில்லை, நானும் வேறு சொல்லவில்லை. ஆபீஸ் உடுப்போடு என்னையே அடுக்களையில் விடாதவள் அவள். சொன்னால் அந்த அரிசி உலையில் ஏறாது, சிராத்தம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றிய பாவம். வாத்தியார் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து சாதம் வேகும் வாசனை வந்தபோது நிம்மதியும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வந்தன.

எல்லாம் முடிந்து சாயங்காலம் சைக்கிளை எடுக்கக் கிளம்பினேன். அம்மா ஒரு இலைப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள். சிராத்தத்துக்குச் செய்த எள்ளுருண்டை.

"யாருக்கு?" என்றேன்.

"அந்த முடிச்சைப் போட்டவாளுக்கு. அவுக்கறதுக்குள்ள எனக்கு நகம் பேந்துடுத்து. நீ போட்ட முடிச்சு எந்தக் காலத்துல நின்னிருக்கு?"

அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

உப்பளத்தில் தண்ணீர் வடிந்து சரளைக்கல் தெரிந்தது. மடைப் பலகையில் சைக்கிள் சாய்ந்திருந்தது. துடைத்து, செயினுக்குத் தேங்காயெண்ணெயும் போட்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு உருண்டையை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"எள்ள நல்லா வறுத்திருக்காவ" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். வடாலாவில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இறங்காமல் ஓரமாக மிதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.