துரை கொடுத்த வாக்கும் காணாமல்போன வீடியோவும்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குறுக்குப் பாதையை அடைக்கமாட்டேன் என்று தோட்ட நிர்வாகியான துரை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னும் வாக்குக் கொடுத்தார். அதைத் தொலைபேசியிலிருந்து ஒரு சமூக வலைத்தளத்தில் நேரலையாக ஒளிபரப்பினேன். இணையத்தில்தான் இருக்கிறதே என்று பிரதி எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பாதையில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் துரை. வீடியோவைத் தேடினேன், இல்லை. பழைய நேரலைகளை அந்தத் தளமே நீக்கிவிடுமாம். அறிவிப்பு வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும், கொழுந்து எடுக்கும் செல்வி அக்கா சிரித்தார். "நாங்க இருக்கிற லயத்து வீட்டுல சிக்னல் எங்க தம்பி இருக்கு? மலையில சிக்னல் கெடைக்கிறப்பவே எல்லாத்தையும் எறக்கி கார்டுல போட்டுக்குவோம். ஒங்கள மாதிரி நெட்ட நம்பியிருந்தா ஒரு படங்கூட பாத்திருக்க மாட்டோம்."

அவருடைய மெமரி கார்டில், என் நேரலையிலிருந்து இறக்கிய துரையின் பேச்சு முழுதாக இருந்தது. மறுநாள் பெரட்டில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டோம். அந்த வாரமே வேலியைக் கழற்றினார்கள்.

இப்போதெல்லாம் எதைப் பதிவேற்றினாலும் அன்றே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, செல்வி அக்கா வீட்டில் இன்னொரு பிரதி வைக்கிறேன். மாதம் ஒருமுறை இரண்டையும் திறந்து சரிபார்க்கிறேன். எங்களுக்குக் கொடுத்த வாக்கு எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதை எந்தத் தளமும் தீர்மானிக்க வேண்டாம். அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.