டெங்குவுக்குப் பல்லக்கு

ஏழாம் வகுப்பில் படிக்கும்போது நான் பெரியபிள்ளையானேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வீடு மாறி, வெள்ளவத்தையில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் அது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம். விஷயத்தை அங்கே ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் அழுது சத்தியம் வாங்கினேன். அம்மாவும் மனமிரங்கி, பிள்ளைக்கு டெங்கு என்று வகுப்பாசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னார். கொழும்பில் டெங்கு என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கெடுத்தது பெரியம்மாதான். பூப்புச் சடங்குக்கு மண்டபம் எடுத்து, எனக்கு ஒட்டியாணம் பூட்டி, நான்கு பேர் தூக்குகிற பல்லக்கில் ஏற்றி வாசலிலிருந்து மேடைவரை கொண்டுபோனார்கள். பெரியம்மா அதை வீடியோ எடுத்து, பாட்டும் சேர்த்து, முகநூலில் போட்டுவிட்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு அன்பு.

திரும்பிப் பள்ளிக்கூடம் போன அன்று, புத்தகப் பையை இறக்க முதலே பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

"டெங்கு வந்தா பல்லக்கிலயோ ஏத்துறவை?"

வகுப்பே சிரித்தது. என் தோழிகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் தலை நிமிரவில்லை. இடைவேளைக்கும் வெளியே போகவில்லை. எழும்பி நின்றால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்று, தெரிந்த விடைக்கும் கை உயர்த்தவில்லை. கணிதத்தில் விடை தெரியவும் இல்லை. நான் வீட்டில் இருந்த நாட்களில் சமன்பாடு தொடங்கி முடிந்தே போயிருந்தது. சோதனைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

எங்களுக்குக் கணிதம் படிப்பித்ததும் வகுப்பாசிரியைதான். தெஹிவளையிலிருந்து ரயிலில் வருகிறவர். வெறும் தாளைப் பார்த்து அவர் ஏசவில்லை. டெங்குவைப் பற்றியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டபிறகு நூலகத்துக்கு வரச் சொன்னார்.

"பிள்ளை மட்டும் இல்லை. பக்கத்து வகுப்பிலயும் ஒராளுக்கு விளங்கேல்லையாம். ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்யுங்கோ."

நூலகத்தில் கண்ணாடி போட்ட மெல்லிய பிள்ளை ஒருத்தி காத்திருந்தாள். ரீச்சர் எங்கள் இருவருக்கும் ஒருமுறை விளக்கிவிட்டு, அடுத்த மேசையில் தாள் திருத்தப் போய்விட்டார். எக்ஸுடன் மூன்றைக் கூட்டினால் எட்டு. எக்ஸ் எவ்வளவு என்பது முதல் கணக்கு. அவள் பதினொன்று என்று எழுதினாள். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. என்னைவிட மோசமான ஒருத்தி! கூட்டக்கூடாது, கழிக்கவேண்டும் என்றேன்.

"ஏன்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். அவர் மரக்கறிக் கடைத் தராசைச் சொன்னார். மறுநாள் அவளுக்குத் தாளில் தராசுப் படம் கீறிக் காட்டினேன்: ஒரு தட்டில் எடுத்ததை மற்றத் தட்டிலும் எடுத்தால்தான் சமநிலை நிற்கும். அவள் தலையாட்டினாள். அடுத்த கணக்கில் வேறொரு பிழை விட்டாள். அதற்கும் ஏன் என்று கேட்டாள். இப்படியே பல நாட்கள் போயின. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்டவள், பல்லக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ரீச்சர் தன் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை அங்கேயே இருப்பார்.

கொஞ்சம் கொஞ்சமாக நான் வகுப்பிலும் கை உயர்த்தத் தொடங்கினேன். பெடியன்களுக்குச் சிரிக்க வேறு ஏதோ கிடைத்துவிட்டது. வீட்டில், அந்தப் பிள்ளை பாவம், ஒன்றும் தெரியாது, நான்தான் படிப்பிக்கிறேன் என்று சொல்லித் திரிந்தேன். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில், ஏழாம் வகுப்புகள் எல்லாவற்றிலும் கணிதத்தில் முதலாவது என்று அவளை மேடைக்கு அழைத்தார்கள். அந்தப் பரிசு வருடா வருடம் அவளுக்குத்தான் போகிறது என்பது புதிதாக வந்த எனக்குத் தெரியாது. கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். என் மாணவி அல்லவா!

முன்வரிசையிலிருந்து வகுப்பாசிரியை திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு ரீச்சர் இன்னொரு ரீச்சரைப் பார்ப்பதுபோல நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவரும், மிகவும் மரியாதையாக, தலையசைத்தார்.