பதக்கத்தில் இருந்தது அதே கல்தான்

பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. செல்வராணி அக்கா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் காலமான செய்தி இன்று காலை தொலைபேசியில் வந்தது. சற்று நேரத்தில் எங்கள் நகைக்கடை முதலாளி விளக்குப் படத்துடன் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று முகநூலில் போட்டிருந்தார். அதைக் கண்டபின்தான் இதை எழுதுகிறேன்.

பதுளையில் எங்கள் கடையின் பின்னறையில் கல் பதித்தவர் அக்கா. முன்னால் நின்று வாடிக்கையாளரைக் கவனித்தவன் நான். பட்டம் வாங்கியும் அந்த வேலைக்கு வர நேர்ந்த எரிச்சலை எல்லோர்மீதும் காட்டுவேன். அக்கா மட்டும் அதைப் பொருட்படுத்தவில்லை. "தம்பி, மூஞ்சிய அப்படி வச்சிருந்தா யாரு தாலி வாங்க வருவா?" என்பார்.

எங்கள் பக்கத்தில் கல் என்றால் நீலம்தான். பெரிடொட் எப்போதாவது வரும். ஒருமுறை ஓர் ஆசிரியை அந்தப் பச்சைக் கல்லைக் காட்டி, மரகதமா என்று கேட்டார்.

"இல்லீங்க டீச்சர், பெரிடொட்டு. நம்ம தேயிலக் கொழுந்து நெறம். அதான் வெல கொறைச்சல்" என்றார் அக்கா. பிறகு லென்ஸை நீட்டினார். "பின்பக்கத்து வெட்டுக் கோடு ரெண்டு ரெண்டா தெரியுதுங்களா? வெறும் கண்ணாடின்னா ஒண்ணுதான் தெரியும்." நானும் அன்றுதான் அதைப் பார்த்தேன்.

பிறகு அந்தப் பதக்கம் வந்தது. வெலிமடையிலிருந்து வந்த அம்மா ஒருவருடையது. பெரிடொட் பதித்தது, கொக்கி அறுந்திருந்தது. அவர் கடையில் காத்திருந்தார்.

"இந்தக் கல்லு சூடு தாங்காது மொதலாளி. கழட்டிட்டுத்தான் பத்தவைக்கணும். சாப்பிட்டு வந்து கழட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

முதலாளி பொறுக்கவில்லை. "நீலக்கல்லக் கழட்டாமலே எத்தன தரம் பத்தவச்சிருப்பேன்!" என்று கல்லோடேயே நெருப்பை ஊதினார். சூடு ஆறுமுன் தண்ணீரில் போட்டார். கல் குறுக்கே வெடித்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

வெலிமடை அம்மாவிடம் அவர் சொன்னது வேறு. "ராணி நல்ல கல்ல எடுத்துட்டுக் கண்ணாடிய வச்சிருக்கா."

திரும்பி வந்த அக்கா லென்ஸை என் கையில் வைத்தார். "வெடிச்சாலும் இது அதே கல்லுதான் தம்பி. கோடு ரெண்டா இருக்கா இல்லையா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இரண்டிரண்டாகத் தெளிவாகத் தெரிந்தது. முதலாளியின் கண் என்மேல் இருந்தது. "எனக்குக் கல்லைப் பத்தித் தெரியாது" என்றேன்.

அன்றே அக்காவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதுளையில் வேறெந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. வெலிமடைக் காய்கறித் தோட்டங்களில் லீக்ஸ் கட்டும் வேலைக்குப் போனார். சில வருடம் கழித்து பஸ் நிலையத்தில் கண்டேன். "என்ன தம்பி, மூக்குக்கண்ணாடி போட்டுட்டீங்க? இப்பவாச்சும் நல்லா தெரியுதா?" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அவருடைய மகள் இப்போது பண்டாரவளையில் கல் பதிக்கிறார். "கல்லு மாத்துனவ மக" என்ற பேச்சு அங்கும் போய்விட்டதாம். நாளை தோட்டத்து லய வீட்டு வாசலில் அக்காவைக் கிடத்தியிருக்கும்போது முதலாளி மாலையோடு வருவார். அந்தப் பெண் அவர்முன் தலைகுனிந்து நிற்கக் கூடாது.

அக்கா, நீங்கள் எதையும் மாற்றவில்லை. நான் பார்த்தேன். போய் வாருங்கள்.

இதைத் தோட்டத்து முகநூல் குழுவில் பெயரில்லாமல் போடப்போகிறேன். இன்றும் முதலாளியிடம்தான் எனக்கு வேலை. அவர் நெருப்பை ஊதியபோது அறையில் இருந்தது அவரும் நானும் மட்டுமே. எழுதியது யார் என்று அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆகாது. இருந்தாலும் போடுகிறேன்.