எங்கள் முறைத் தண்ணீர்

தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். வீட்டுக்கு வீடு முறை உண்டு. முதல் முறை எங்களுடையது. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எதிர்வீட்டில் ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள். குழாயில் பங்கு கிடையாது. "பச்ச ஒடம்புக்காரி, பாவம்" என்று அம்மா எங்கள் முறையை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, அந்தப் பிள்ளை நடக்கும்வரை. எல்லோரும் பிடித்து முடித்த பிறகு நூலாக வடிகிற தண்ணீருக்குக் காத்திருந்து, நான் பள்ளிக்குப் பிந்திப் போவேன். வகுப்புக்கு வெளியே நின்றது நான், புண்ணியம் அம்மாவுக்கு.

அந்தப் பிள்ளை இப்போது செம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கிறாள். அம்மா விழுந்து படுக்கையானதிலிருந்து, தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். அந்த வீட்டை மறந்துவிடாதே என்று அவளுடைய தாய் சாகும்போது சொல்லிவிட்டுப் போனாளாம். நன்றியுள்ள பெண்தான். எனக்கு அவளைப் பிடிக்காது.

நான் டோம்பிவிலியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடிகிறது. ரயில் கூட்டத்தில் நசுங்கி வந்து நின்றால், அம்மாவின் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போகும்.

"ஏட்டி, அவ வரலியா?" என்பாள்.

பெற்ற மகள் முன்னால் நிற்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன வாரம் என்னால் தாங்க முடியவில்லை. அவள் வாளியைத் தூக்கும்போதே சொன்னேன்: "இனிமே ஞாயித்துக்கெழம நீ வர வேண்டாம். எங்கம்மைய நான் பாத்துக்கிடுதேன்."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சரிக்கா. தண்ணிய மொதல்ல கால்ல ஊத்துங்க, இல்லன்னா பயந்துருவாவ. எடது கைய மட்டும் தூக்காதிய, தோளு வலிக்கும்."

"எப்ப இருந்து?"

"ஆறு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ. ட்ரெயின்ல நின்னுட்டு வார புள்ள, இத வேற நெனச்சுக் கெடக்கும்னு."

வலியைக்கூட அம்மா அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத்தான் நான் அம்மாவை எழுப்பி உட்கார வைத்தேன். ஒருமுறைகூட அம்மா முகம் சுளித்ததில்லை.