மாமியாரின் பிறந்த வருடம்

ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. வெளிநாட்டு மருத்துவமனைகள் கேட்கும் கோப்புகளைக் கணினி வழியே அனுப்புவது அவள் வேலை. நோயாளி தன் வாயால் பிறந்த தேதியைச் சொல்லிச் சம்மதித்தால் ஒழிய, ஓர் எழுத்துகூட எல்லை தாண்டாது. தூக்கத்தில் உளறினாலும் கடவுச்சொல் கேட்டுவிட்டுத்தான் உளறுவாள் என்று அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

கடல் கடந்து மகள் வீட்டுக்குப் போன மாமியார், குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். பழைய இதயச் சிகிச்சையின் விவரம் வராமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டோம் என்று அங்குள்ள டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கோப்பு பூட்டக்காவிடம்.

வீடியோவில் கட்டிலைச் சுற்றி மகள், மருமகன், போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டம்மா.

"அத்தை, பிறந்த தேதி சொல்லுங்க."

"இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு, என்னையே யாருன்னு கேக்குறியா?"

"எனக்குத் தெரியும் அத்தை. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

மாமியார் சொன்னார். பொருந்தவில்லை.

நாத்தனார் பொங்கினாள். "அம்மா வலியில துடிக்கிறாங்க, நீங்க பரீட்சை வைக்கிறீங்களா அண்ணி? அனுப்பித் தொலைங்க!"

ஒரு விசையைத் தட்டினால் போதும். மாமியாரின் முனகல் கேட்டுப் பூட்டக்காவின் விரல் அதன் மேல் போய் நின்றது. அப்போதுதான் கவனித்தாள்: மாமியாரின் கண் அவளைப் பார்க்கவில்லை, சுற்றி நின்றவர்களை ஓரமாகப் பார்த்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. நோயாளிகிட்ட தனியாப் பேசணும்."

கதவு சாத்தியதும் மாமியார் போனை வாயோடு ஒட்டிக்கொண்டார். பாஸ்போர்ட்டைக்கூடப் பெற்ற பிள்ளைகள் கையில் கொடுக்காதவர் அவர். அதே நாள், அதே மாதம்; வருடம் மட்டும் விறுவிறுவென்று பின்னால் போய், காலமான மாமனார் பிறந்ததற்கும் முன்னால் போய் நின்றது!

"சிரிக்காதடி."

"நோயாளி விஷயத்துல சிரிக்க மாட்டேன் அத்தை. என்னென்ன அனுப்பட்டும்?"

"நெஞ்சு விவரம் மட்டும். வயசு டாக்டர் கண்ணுக்கு மட்டும்."

அப்படியே போனது. இடுப்பும் கூடியது.

"அம்மா அப்படி என்னதான் சொன்னாங்க?" என்று கணவன் குடைந்தான்.

"கேக்குறது யாரு? எதுக்கு?"

அடுத்த பிறந்த நாளுக்குக் கேக் வந்தது. எத்தனை மெழுகுவர்த்தி என்றதற்கு, போன வருடத்தைவிட ஒன்று குறைத்துச் சொன்னார் மாமியார். பூட்டக்கா முகத்தில் சலனமே இல்லாமல் அத்தனையையும் குத்தி வைத்தாள்.