வாசலில் சொருகிய வேப்பிலை

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால் மொய்க் கவரில் என் வீட்டுக்காரர் பெயர்தான். வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று பல இடத்தில் தெரியவில்லை. ஞாபகமும் முன்போல் இல்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோவிலில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கும் ஆசிரியை, கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்ததை எழுதி வாங்கிப் புத்தகமாகப் போடப்போகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்றார். பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதத்தானே சொன்னார் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருந்தது ஜெலுத்தோங்கில் ஒரு பழைய அடுக்குமாடியில். இப்போதும் நான் அங்கேதான் இருக்கிறேன். வரிசையாக வீடுகள், எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரே நடைவழி. யார் வீட்டில் என்ன குழம்பு என்று லிப்டிலிருந்து இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் லாரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் மெஷினில் படுக்க வேண்டும். ஒரு தம்பி வேன் வைத்திருந்தார். என் வீட்டுக்காரரைப் போல இன்னும் சில நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுவார். தமிழ் முஸ்லிம் தம்பி, நல்ல மாதிரி. இவரைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்து, பெல்ட்டையும் அவரே மாட்டிவிடுவார்.

மெஷினில் படுக்காத நாட்களில் உடம்பில் தண்ணீர் சேரும். சேர்ந்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் குடிக்கிற தண்ணீரைக்கூடச் சின்னத் தம்ளரில் அளந்துதான் கொடுப்பேன். ஒரு தடவை போகவில்லை என்றாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் எனக்கிருந்த வேலை அது ஒன்றுதான், அவரை அந்த மெஷினுக்குத் தவறாமல் அனுப்புவது.

அப்போதுதான் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லாரும் எம்.சி.ஓ என்றுதான் சொன்னோம். வீட்டுக்கு ஒரு ஆள் மட்டும் சாமான் வாங்கப் போகலாம். ரோட்டில் போலீஸ். ஜொகூரில் இருந்த என் மகன் மாநிலம் தாண்டி வர முடியாது. கோலாலம்பூரில் ஏதோ ஒரு அடுக்குமாடியில் நோய் வந்து, கட்டடத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு ஆட்களை உள்ளேயே வைத்திருப்பதை டிவியில் காட்டினார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் நடைவழியே மாறிவிட்டது. நோய்க்குப் பயந்ததைவிட அந்த முள்கம்பிக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள் என்று நினைக்கிறேன். யார் தும்முகிறார்கள், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிப்டில் ஒரு ஆள் இருந்தால் அடுத்த ஆள் ஏற மாட்டார். கீழ் மாடியில் ஒரு சீனக் கிழவர் பேப்பர் வாங்க மாஸ்க் போடாமல் இறங்கினார் என்று படம் பிடித்து எல்லார் போனுக்கும் அனுப்பினார்கள். என்னிடம் அந்த மாதிரி போன் இல்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான் காட்டினாள்.

அந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். என் மகன் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து பக்கத்துப் பக்கத்து வீடு. நான் பேச மாட்டேன் என்று தெரிந்து எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். பாசாருக்குப் போனால் எனக்கும் மீன் வாங்கி வருவாள். அந்தச் சமயம் அவளுடைய மருமகள் மாசமாக இருந்தாள். பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் பயந்ததில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி என் வீட்டு விஷயம். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். இவர் ராத்திரி பகல் சொறிந்து சொறிந்து தோலே புண்ணாகிப் போனது. கடையில் வாங்கிய களிம்பு கேட்கவில்லை. கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்ப மரம் இருக்கிறது. அதில் இலை ஒடித்து வந்து மஞ்சளோடு அரைத்துப் பூசினேன். கொஞ்சம் இதமாக இருக்கிறது என்றார். பிறகு படுக்கை விரிப்பின் மேல் இலையைப் பரப்பி அதில் படுக்க வைத்தேன். மீதி இருந்த கொத்தை, காற்றுக்கு நல்லது என்று வாசல் நிலையில் சொருகினேன். அந்த வாரத்தில் அவருக்கு எண்ணெய் வாடையே ஆகவில்லை. கடுகு பொரிந்தாலே குமட்டியது. அதனால் தாளிப்பதை நிறுத்திவிட்டேன். கஞ்சியும் வேக வைத்த காயும்தான்.

நம்மவர்கள் இதைப் படிக்கும்போதே புரிந்துகொள்வார்கள். வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு வாசமே இல்லை. அம்மை கண்ட வீடு அப்படித்தான் இருக்கும். தோட்டத்து லயத்தில் வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் யாரும் படி ஏற மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள். எனக்கு இது தெரியாததா. ஆனால் அன்றைக்கு என் மனதில் அவருடைய அரிப்பு மட்டும்தான் இருந்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் காப்பாக வேப்பிலை கட்டியிருந்தார்கள். என் வீட்டில்தான் மூன்றும் சேர்ந்துவிட்டது.

ஜன்னல் வழியாகத் தங்கச்சி பார்த்திருக்கிறாள். இந்த வீட்டில் ஏதோ காய்ச்சல் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மறைத்து வைத்து வீட்டு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் இருக்கும் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் வேப்பிலைக்கு அர்த்தம் தெரியாது. அவர்களுக்கு வேப்பிலை போகவில்லை, நோய் என்ற செய்தி மட்டும்தான் போனது.

மறுநாள் காலையில் வேன் வரவில்லை. இவர் சட்டை போட்டு, கையில் போர்வையும் பையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப நேரம் இழுத்து இழுத்துப் பேசினார். உங்கள் மாடியிலிருந்து ஆள் சொன்னார்கள், வேனில் வருகிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது, அவர் ஏறினால் நாங்கள் இறங்கிவிடுவோம் என்கிறார்கள் என்றார். அரிப்புக்குத்தான் தம்பி வேப்பிலை என்று நான் சொன்னேன்.

“நான் நம்புறேன்மா. என் ஒருத்தன் உசுருன்னா இப்பவே வந்துருவேன். வேன்ல இருக்கிற எல்லாருமே இவரு மாதிரிதானேம்மா, ஒன்னு ஆச்சுன்னா தாங்க மாட்டாங்க லா.”

அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அது வரைக்கும் தங்கச்சி வீட்டுக் கதவை நான் தட்டியதே கிடையாது, எப்போதும் அவள்தான் வருவாள். அன்றைக்குப் போய்த் தட்டினேன். கதவு திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து, துணியால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, தள்ளி நில்லுங்க. மருமக உள்ள இருக்கா.”

“வீட்டுல ஒன்னும் இல்ல தங்கச்சி. அவருக்கு அரிப்பு. அதுக்குத்தான் இலை. நீ வேன்காரத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

“அரிப்புக்கு யாருக்கா தாளிக்காம சமைக்கிறாங்க? நானும் தோட்டத்துல பொறந்தவதான், எனக்குத் தெரியாதா. நீங்க வாயே திறக்க மாட்டீங்க. வாயத் திறக்காம இருந்தே எங்க எல்லாரையும் கம்பிக்குள்ள வச்சிடுவீங்க.”

வீட்டுக்கு வந்து வாசல் வேப்பிலையைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அதுவும் தப்பாகப் போனது. பாருங்கள், கேட்டதும் எடுத்து மறைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்களாம். அன்று மத்தியானம் வேண்டுமென்றே கடுகு தாளித்தேன். அவர் வாந்தி எடுத்தார். அந்தச் சத்தமும் நடைவழிக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த டயாலிசிஸுக்கு இடையில் இருந்த நாளில் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே இருந்தார். மூச்சோடு இருமலும் வந்தது. இருமலை வாயில் துண்டை வைத்து அமுக்கினார். பக்கத்துக்குக் கேட்டுவிடுமே என்று அவரும் பயந்தார். தண்ணீர் கொடு என்று கேட்டார், நான் உதட்டை மட்டும் நனைத்தேன். அந்த வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி இருந்தோம்.

அடுத்த முறைக்கு மகன் ஜொகூரிலிருந்தே டாக்ஸி பிடித்து அனுப்பினான். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நடந்தேன். நாங்கள் போகப் போக ஜன்னல்கள் மூடின. லிப்டுக்குள் போய்க் கதவு மூடுகிற நேரத்தில், யாரோ பின்னாலேயே வந்து தரையில் கிருமி கொல்லும் குளோரோக்ஸ் ஊற்றும் வாசம் வந்தது. அவர் அதை மோந்து இருமினார். “பொணம் போன மாதிரி கழுவுறாளுங்க” என்றார். அவர் சிரித்தாரா மூச்சு வாங்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்தின் வாசலிலேயே நர்ஸ் தடுத்துவிட்டார். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு. உங்கள் வீட்டில் காய்ச்சல் என்று எங்களுக்குப் போன் வந்திருக்கிறது, இவரும் இருமுகிறார், மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்து முடிவு வந்த பிறகுதான் உள்ளே விட முடியும், உள்ளே படுத்திருக்கிறவர்களை நான் காப்பாற்ற வேண்டும் என்றார். அந்தப் பெண் பேசும்போது கண் கலங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரும வைத்தது உள்ளே சேர்ந்த தண்ணீர்தான். அதை இறக்குகிற மெஷின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருந்தது. எனக்கு அது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டவர்களை வைக்கும் வார்டில் போட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது அவர் திரும்பிப் பார்த்து, வீட்டுக்குப் போ, கேஸ் அடுப்பை மூடினாயா பார் என்று கை காட்டினார். அதுதான் கடைசி.

மறுநாள் போன் வந்தது. ஒரு மலாய்ப் பெண் பேசினார். பரிசோதனையில் கோவிட் ஒன்றும் இல்லை என்றார். நான் கடவுளே என்று நாற்காலியைப் பிடித்தேன். அவர் நிறுத்தாமல், மெஷினுக்குக் கொண்டு போகிற நேரத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, அவரும் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரோ.

மகன் போலீஸில் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்சுடலை. விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள்தான். வாய்க்கரிசி போடும்போது கையுறை மாட்டச் சொன்னார்கள். அரிசி கையில் பட்டதே எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் மகன் நடைவழியில் நின்று, எங்கப்பாவுக்கு அந்த நோய் இல்லை என்று மலாயிலும் தமிழிலும் சத்தமாகச் சொன்னான். யாரும் வெளியே வரவில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டில்தான் சோறு வரும். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டது. கறிவேப்பிலை வாசமும் வந்தது. சோறு வரவில்லை. மகன் கீழே போய் ரொட்டி வாங்கி வந்தான்.

கட்டுப்பாடு எல்லாம் தளர்ந்து, அவளுடைய பேரப்பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள் தங்கச்சி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள்.

“அப்ப எல்லாருமே பயந்துதானேக்கா இருந்தோம்.”

“ஆமா,” என்றேன்.

“நிலையத்துக்குப் போன் நான் பண்ணலக்கா. வேன்காரர்கிட்ட சொன்னேன், அது நெசம். போன் நான் பண்ணல.”

நான் அதைக் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நின்றபடியே திரும்பிப் போனாள். இப்போதும் லிப்டில் பார்த்தால், சாப்பிட்டீங்களா அக்கா என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். வேன் வராதது ஒரு முறைதானா, அதற்கு முந்திய முறையும் வராமல் போனதா என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. வேன்காரத் தம்பி இன்னும் வேன் ஓட்டுகிறார், அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டுத் திருத்துங்கள். இன்னொன்று, நிலையத்துக்கு யார் போன் செய்தார்கள் என்று அங்கே யாருக்காவது நினைவிருந்தால் விசாரித்துப் பாருங்கள். அது அவள்தான் என்று இத்தனை வருஷமாக என் மனதில் இருக்கிறது, ஆனால் நான் கண்ணால் பார்க்கவில்லை. தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால், போன் செய்தது யார் என்ற இந்தப் பேச்சையெல்லாம் அடித்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அவள் இல்லை என்று தெரிந்தால் மட்டும், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள். போனில் வேண்டாம். வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.